அரைப் பேர்

நன்றியுரை என்றால் எனக்குப் பயமில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எந்தக் கூட்டமானாலும் கடைசியில் மைக் என்னிடம்தான் வரும். லிந்துலையில் போன மாதம் நடந்த கூட்டத்துக்கும் அப்படித்தான் அழைத்தார்கள். பேச வருபவர் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் என்று தெரிந்தபோதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் என் மகள். பட்டம் முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறாள். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன் அவளுடைய விண்ணப்பக் கோப்பை அவரது செயலாளரிடம் நானே கொடுத்தேன்.

கொடுத்த கை கூசியது. முன்பும் ஒருமுறை அவரிடம் கடிதம் கேட்டவள் நான்.

போரின் கடைசிக் காலம் அது. என் தம்பி கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான். ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் புலி என்று சந்தேகப்பட்டு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவன் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று போய் நின்றேன். அவர் அப்போது அரசாங்கத்தின் பக்கம். "யுத்தம் நடக்குறப்ப கேள்வி கேக்கக் கூடாது டீச்சர். தப்பு செய்யலன்னா தானா விட்டுருவாங்க" என்றார். அவசரகாலச் சட்டத்தை நீடிக்க மாதாமாதம் பாராளுமன்றத்தில் கை தூக்கியவர், எங்களிடம் கையை விரித்தார். தம்பியைத் தானாகத்தான் விட்டார்கள், இரண்டு வருடம் கழித்து, ஒரு வழக்கும் இல்லாமல். இன்றைக்கும் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனால்கூட அவன் சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். கூட்டம் கூடுகிற இடத்துக்கு அவன் வருவதே இல்லை.

போன மாதக் கூட்டத்தில் அதே மனிதர் பொறுப்புக்கூறலைப் பற்றிப் பேசினார். இப்போது அவர் எதிர்க்கட்சி, செல்வாக்கு மட்டும் குறையவில்லை. யுத்தத்தைச் சொல்லி அப்பாவிகளை அடைத்து வைத்தது அநியாயம் என்றார். அன்றைய அரசாங்கம் பொறுப்புக் கூறியே ஆக வேண்டும் என்று மேசையைத் தட்டினார். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அந்த அரசாங்கத்தில் தானும் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த, கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "ஐயா மத்தியானத்துக்கு மேலதான் மலைக்கு வந்திருக்காரு. அரைப் பேருதான் போடணும்" என்றார்.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குக் கூலிக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள். வேலை குறைந்தால் அரைப் பேர். அரை வேலை செய்த நாளில் மழையையோ காய்ச்சலையோ சாக்குச் சொல்லி என் அம்மா ஒருநாளும் முழுப் பேர் கேட்டதில்லை.

மைக் என்னிடம் வந்தது. எழுதிக்கொண்டு போன தாளை விரித்தேன். மூன்றாவது வரிசையில் மகள் இருந்தாள். அவளைப் பார்த்தால் பேச முடியாது என்று தாளையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஐயாவுக்கு நன்றி. ஆனா பாதி நன்றிதான். அன்னைக்கி அந்தச் சட்டத்துக்கு நீங்க கை தூக்குனப்ப என் தம்பி உள்ள இருந்தான். தூக்குனேன்னு இந்த மேடையில சொல்லிட்டீங்கன்னா, மீதி நன்றியையும் சொல்லிருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தூக்குனேன்தான். வேற வழி இல்ல டீச்சர்" என்றார்.

நான் மைக்கை அவரிடம் நீட்டினேன். "இதுல சொல்லுங்க ஐயா."

அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் ஏற்பாட்டாளர் வந்து மைக்கை வாங்கி, வெளியே தேநீர் இருக்கிறது என்று அறிவித்தார்.

மேடையிலிருந்து இறங்கினேன். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவளோ செயலாளரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். எனக்காக மன்னிப்புக் கேட்கிறாள் போலும் என்று எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பி வந்தவளின் கையில் கோப்பு இருந்தது.

"ஏன்டி வாங்குன?"

"வேலைக்குப் பரீட்சை வைக்கிறப்ப எழுதிக்கிறேம்மா. நீங்க கேட்டதுக்கு அவரு பதில் சொல்லல. அவரு கடிதத்த வச்சி நான் என்ன செய்ய?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இப்போதும் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. ஆனால் மைக்கை நீட்டியது நீட்டியதுதான்.

அன்று சாயந்தரம் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பாத்தியில் குனிந்து நின்றவன் நிமிர்ந்தான்.

"அவரு மைக்க வாங்கவே இல்லையா?"

இல்லை என்றேன். அவன் மறுபடியும் அதையே கேட்டான். மறுபடியும் இல்லை என்றேன்.

"அடுத்த தடவ கூப்பிட்டா சொல்லுங்கக்கா. நானும் வர்றேன்."