கமாவுக்குக் கிடைக்காத அறை

வெளியூர் மாணவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பதுதான் கல்லூரி ஆபீசில் என் உத்தியோகம். வீட்டுக்காரர் முன்னால் கைகட்டி நின்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

நாற்பத்தொன்பதில் கமாவு வந்தான். கென்யாக்காரன். சர்க்கார் உதவித்தொகையில் எங்களிடம் படிக்க வந்த முதல் ஆப்பிரிக்க மாணவன். அவனை விருந்தினர் அறையில் தங்கவைத்துவிட்டு, "மாசக் கடைசிக்குள் இடம் பாரும், இல்லாவிட்டால் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம்" என்றார் பிரின்சிபால். அவனுக்கோ இங்கேதான் படிக்க ஆசை.

ஹாஸ்டல் பந்தி

ஹாஸ்டலில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. சாப்பாட்டில்தான் வந்தது வினை. பிராமணருக்கு ஒரு மெஸ், மற்றவர்களுக்கு ஒரு மெஸ். "மற்றவர்களோடு உட்கார வையுமேன்" என்றேன். மெஸ் மேனேஜர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அதுலயும் யார் பக்கத்துல யாருன்னு இருக்கு சார். அவர் என்ன ஜாதின்னு கேட்டுச் சொல்லுங்க, இலை போட்டுடறேன்."

மயிலாப்பூர் காபி

மயிலாப்பூரில் ஒரு பாரிஸ்டர் வீட்டு மாடி அறை காலி. எங்களை உட்கார வைத்து, தாம் லண்டனில் படித்த கதையைச் சொன்னார். கறுப்பன் என்று வீடு வீடாகக் கதவைச் சாத்தினார்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, காரியம் பழம் என்று நினைத்தேன். வெள்ளி டம்ளரில் காபி வந்தது, கமாவுக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில். வாசல்வரை வந்து என்னைத் தனியே இழுத்தார்.

"ஆத்துல பொம்மனாட்டிகள் ஒத்துக்கமாட்டா. அந்த அவமானம் எனக்குத் தெரியும் ஓய், அதனாலதான் காபி குடுத்து அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை

போகட்டும், நம் வேதக்காரர்கள் இருக்கிறார்களே என்று ஞாயிறன்று எங்கள் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கமாவும் கத்தோலிக்கன். லத்தீன் பாட்டெல்லாம் புத்தகம் பார்க்காமல் பாடினான். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து பெஞ்சு டீச்சரம்மாவே அவன் குரலைப் புகழ்ந்தார். அவர் வீட்டுப் பின்கட்டு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஆண்டவர் முன்னால எல்லாரும் ஒண்ணுதான் சார். வீடு விடறது வேற விஷயம்."

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையெல்லாம் சொல்வார்களா, மாட்டார்களா?

தேனாம்பேட்டை மாடி

மாசக் கடைசியில் தேனாம்பேட்டை சைக்கிள் கடைக்காரர் தம் மாடி அறையைத் தர மசிந்தார். கமாவுக்கும் அவருக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசமில்லை. "குட்துர்றேன் சார். ஆனா பகல்ல வெளிய தலை காட்டப்படாது, இருட்னப்புறம் வந்து போவட்டும். அக்கம்பக்கத்துல புள்ளைங்க கீது" என்றார். கிடைத்ததே என்று நான் பல்லை இளித்துக்கொண்டு ஓடி வந்து கமாவிடம் சொன்னேன். நாலு நாள் போனால் சரியாகிவிடும், பொறுத்துக்கொள் என்று கெஞ்சக்கூடச் செய்தேன். அவன் கோபப்படவில்லை. சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி நிதானமாகச் சொன்னான்.

"ஒளிந்து வாழ எங்கள் ஊரிலேயே வெள்ளைக்காரன் இடம் வைத்திருக்கிறான் சார். அதற்காக நான் கப்பல் ஏறவில்லை."

கமாவு பம்பாய்க்கு ரயிலேறினான். ஊர் முழுக்கக் காலி அறை இருந்தும் ஒரு மாணவனைக் குடிவைக்கத் துப்பில்லாத எனக்கு அந்த மாதமே உத்தியோகத்தை நிரந்தரமாக்கினார்கள்.