பதினாறாவது கட்டையின் இடம்

பூமணி ரீச்சர் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்ன அவரது மகள், அழுகைக்கு நடுவே, "அம்மா அந்தக் கட்டைப் பெட்டிய உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவ" என்றாள். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. அந்தப் பெட்டிக்காக நானும் அவரும் பிடித்த சண்டைகள் செட்டிபாளையத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே பாலர் பாடசாலையில் படிப்பித்தோம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி கப்பலில் கொண்டுவந்த பிள்ளைகள் விளையாடும் பதினாறு மரக் கட்டைகள் ஒரு பெட்டியில் அங்கே இருந்தன. பிளாஸ்டிக் கட்டைகள் வருவதற்கு வெகு முன்னர் செய்தவை. ஒவ்வொரு முகத்திலும் எழுத்தும் படமும் அச்சடித்த கடதாசி ஒட்டியிருக்கும். கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் சேகரிப்பாளர் ஒருவர் அவற்றைக் கண்டு மலைத்துப்போனார். குழந்தைகள் கடித்தே தீர்த்துவிடுவதால் இப்படி முழுத் தொகுதி மிஞ்சுவது அபூர்வமாம். ஒன்றும் குறையாமல் வைத்திருங்கள், அடுத்த முறை வரும்போது நல்ல விலை தருகிறேன் என்றார். ஒழுகுகிற கூரையை மாற்றிவிடலாம் என்று நான் துள்ளினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் கட்டைகளைச் சப்பிக்கொண்டிருக்கிறார்கள்! "ரீச்சர், உங்களுக்கென்ன விசரா?" என்றே கேட்டுவிட்டேன்.

"கடிக்கிற வயசில கடிக்காம, பல்லுப் போன பிறகா கடிக்கிற? நீ வேலையப் பாருகா."

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, வகுப்பு நடக்கும்போதே ஷெல் விழுந்தது. தோணிகளில் வாவியைக் கடந்து அக்கரைக்குத் தப்பியோட வேண்டியிருந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன். ரீச்சர் அதைப் பறித்து, பதினாறு பிள்ளைகளின் கையிலும் ஆளுக்கொரு கட்டையைத் திணித்தார். "விட்டிராதீங்க மனே. அக்கரையில எனக்கிட்டத் தரணும்." தோணிக்காரர்களிடம், "கட்டையோட ஒரு புள்ளயக் கண்டா எனக்கிட்டக் கொண்டு வாங்க" என்று கத்தினார். நானோ கட்டைகள் நனைகின்றன என்று கத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கரையில் பதினைந்து கட்டைகள் வந்து சேர்ந்தன. நான்கு வயது யோகன் வரவில்லை. எந்தத் தோணியில் ஏறினான் என்று கண்டவர் ஒருவருமில்லை.

ஊர் திரும்பிய பின் சேகரிப்பாளர் மறுபடி வந்தார். ஒன்று குறைகிறது, மற்றவற்றில் பல்லடையாளம் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். தச்சரிடம் சொல்லி ஒன்று செய்விப்போம் என்றேன்.

"அது யோகன்ட கட்டை. அவன் கொண்டு வருவான்."

மழைக்கு மழை வாளி வைத்தே காலம் கழிந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று நான் திட்டாத நாளில்லை.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. நேற்று என் பேத்தி ஒரு கட்டையை எடுத்து நன்றாகக் கடித்தாள். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் தன் காப்பைக் கழற்றிப் போட்டாள்.

"அது யோகன்ட இடம் மனே" என்று எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன்.