நிற்கிற வண்டியில் வந்த வளைவு

என் வீட்டுக்காரர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் சோழவந்தானில் அவரைப்போல ஊர் சுற்றிய ஆள் கிடையாது. எல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே சுற்றியது.

கொடிக்காலில் வெற்றிலை அடுக்குவது அவர் வேலை. நூறு வெற்றிலை சேர்ந்தால் ஒரு கவுளி. விரல் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும், மனசு பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. ஆள்தான் தப்பிவிடுவார். மதுரைக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது ஊர் வந்ததே தெரியாமல் வாடிப்பட்டி வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து வந்த நாட்கள் உண்டு. "ஏங்க, எங்க போயிட்டீங்க?" என்று கேட்டால், "இங்கனதான் இருந்தேன்" என்பார். அது பொய்யும் இல்லை.

எங்கள் ஒரே மகன் சூரியபிரகாஷ் பட்டாளத்தில் இருக்கிறான். போன விடுப்பில் வந்தபோது ஒரு வண்டி வாங்கினான். நீல நிறம். முன்னாலும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி, வண்டிக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி இருக்கும். வாங்கிய மறுநாளே அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அழகர்கோவிலுக்குக் கொண்டுபோய், பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றிக் கொண்டுவந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனுசர் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. அப்பன்திருப்பதி தாண்டியதும் ஒரு வளைவில் மலை முழுசாகத் திரும்பி நம்மைப் பார்க்கும் என்று மட்டும் சொன்னார்.

விடுப்பு முடிந்து கிளம்பும்போது மகன் சாவியை அப்பாவிடம் கொடுத்தான்.

"தினமும் காலையில ஒரு அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடுங்கப்பா. இல்லேன்னா பேட்டரி போயிரும். உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க. வாடிப்பட்டியில என் சிநேகிதன் வீட்டுல நிக்கட்டும்."

"எனக்கென்ன சிரமம். நான் பாத்துக்கறேன்," என்றார் இவர். அவர் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னான் மகன். ஏறி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் இவர் ஏறி உட்கார்ந்தார். நான் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, முற்றத்தில் வண்டி ஸ்டாண்டில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும். இவர் அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வெற்றிலைக் கறை படிந்த விரல்கள் கைப்பிடியைப் பூப்போலத் தொட்டுக்கொண்டிருக்கும். முகத்தில் காற்றுப் படுகிற மாதிரி ஒரு சுருக்கம் வரும். கோவிலில் சிலர் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிடத் தோன்றாது. அஞ்சு நிமிசம் பத்தாகும், பத்து பதினஞ்சாகும். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தூரம் போய் வந்தவர் மாதிரி தண்ணீர் கேட்பார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். தடால் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி வலது பக்கமாகத் துவைக்கிற கல்லின்மேல் சாய்ந்து கிடக்கிறது. இவர் அந்தப் பக்கம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"வளைவு வந்துச்சு," என்றார்.

வளைவில் சாய வேண்டுமாம். மகன் அன்றைக்கு அப்படித்தான் சாய்ந்தானாம். இவர் ஸ்டாண்டில் இருந்து வண்டியை நிமிர்த்தி, மலை இருக்கிற பக்கம் சாய்ந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு அருள்பாண்டி ஓடிவந்து சாவியைத் திருகி வண்டியை அணைத்துத் தூக்கி நிறுத்தினான். மினி பஸ் ஓட்டுகிறவன், நாற்பது வயது. எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது.

"அண்ணே, ஓட்டுற வண்டியில விழுவாக, பாத்திருக்கேன். நிக்கிற வண்டியில விழுந்த ஆளு நீங்க ஒருத்தருதான்."

அவருக்கு முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு. வண்டிக்குத்தான் அடி. வலது பக்கத்து நீலப் பிளாஸ்டிக் பலகையில் கை நீளத்துக்கு ஒரு விரிசல். மேல்முனை உடைந்து தொங்கியது. இவர் அந்த விரிசலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தம்பிக்குத் தெரிஞ்சா வாடிப்பட்டிக்குக் கொண்டுபோயிருவான்," என்றார் மெதுவாக. உடைந்ததைவிட அதுதான் அவர் பயம். மகன் திட்டுவான் என்றுகூட நினைக்கவில்லை. காலையில் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைத்தார்.

அருள்பாண்டி குனிந்து பார்த்துவிட்டு, "என்ஜின் நல்லாருக்கு. பேரிங்குதாண்ணே போச்சு. ஆரப்பாளையத்துல கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு டிரிப்புக்கு நேரமாச்சு என்று போய்விட்டான்.

என்னைப் பார்த்து இவர், "நீ தம்பிகிட்ட சொல்லாத பாண்டியம்மா," என்றார்.

"நானா சொல்ல மாட்டேன். கேட்டான்னா பொய் சொல்லவும் மாட்டேன். காலையில சாமி கும்பிடுற வாயி."

சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் மதுரை ஆரப்பாளையத்துக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியின் பேரைச் சொல்லி, பேரிங் வேண்டும் என்றிருக்கிறார்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. வலது பக்கம்."

"அதுல வலது எடது ஏதுண்ணே? சக்கரத்துக்கு ரெண்டு."

"அப்ப ரெண்டையும் குடுங்க. எடதுபக்கத்துக்கும் ஆகட்டும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சின்ன அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டினார். கைக்கடக்கமாக இரண்டு இரும்பு வளையம். உள்ளே மணி மணியாகக் குண்டு. விரலை விட்டுச் சுற்றினால் தேன் வழிகிற மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இம்புட்டுக்காணு. இதை உள்ள வச்சா அம்புட்டுப் பெரிய பலகையும் சேந்துக்கிரும்போல. எப்படிக் கண்டுபிடிச்சிருக்கான் பாரு."

எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. தெரியாத பொருளை அலட்சியமாக வைக்கக் கூடாது என்று சாமிப் படத்துக்குக் கீழே வைத்து, மேலே கொஞ்சம் குங்குமம் வைத்தேன்.

காலையில் அருள்பாண்டி வந்து பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, இது பேரிங்கு. சக்கரத்துக்குள்ள போடுறது. நான் சொன்னது பேரிங்கு. இந்தா, இந்த மேல்சட்டை."

"ரெண்டும் ஒண்ணாத்தானப்பா இருக்கு."

"சொல்றதுக்கு ஒண்ணுதாண்ணே. இங்கிலீசுல சக்கரத்துக்கு 'பி', சட்டைக்கு 'எஃப்'. நீங்க சட்டைன்னு கேட்டிருக்கணும்."

"நீ பேரிங்குன்னுதான சொன்ன. சட்டைன்னு சொல்லியிருந்தா சட்டை கேட்டிருப்பேன்."

"நல்லவேளை மதினி, நான் சொல்லல. அண்ணே நேரா ஜவுளிக்கடைக்குப் போயி நீலத்துல ரெண்டு எடுத்துட்டு வந்திருப்பாரு."

சிரித்து ஓய்ந்த பிறகு உருப்படியாக ஒன்று சொன்னான். புதுசு வரவழைக்க மாதக்கணக்காகும். ஆரப்பாளையத்திலேயே சந்துக்குள் ஒருவர் பஸ்களின் உடைந்த பிளாஸ்டிக்கைச் சூடு வைத்து ஒட்டித் தருகிறார். அதற்கு வண்டியைக் கொண்டுபோகத் தேவையில்லை, அந்தப் பலகையை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் போதும். திருகு கழற்றுகிற வளைந்த சாவி ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே எங்கே திருகு இருக்கிறது என்று தொட்டுக் காட்டினான். "முரட்டுத்தனமா மட்டும் இழுத்துராதீங்க. கொக்கி ஒடஞ்சா பெறகு ஒட்ட எடமில்ல."

முரட்டுத்தனம் அவருக்குத் தெரியாத ஒன்று. ஈர வெற்றிலையைக் கிழியாமல் பிரிக்கிற கட்டைவிரலால் அந்தப் பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு நீளம். மாறிப்போகுமே என்று நான் தரையில் கோலமாவால் வண்டியின் பக்கவாட்டை அப்படியே வரைந்தேன். சக்கரம் இரண்டு, நடுவில் பலகை. அவர் கழற்றித் தரத் தர, எந்த இடத்தில் இருந்து வந்ததோ அந்த இடத்தில் கோலத்தின்மேல் வைத்தேன். ஐந்து திருகு. நடுவில் அமுக்கினால் கழன்று வருகிற கறுப்புப் பொத்தான் இரண்டு.

எல்லாம் கழற்றியும் பலகை வரவில்லை. இழுக்காமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதுபோல. பிறகு டாங்கிக்குக் கீழே மெதுவாக அமுக்கி முன்பக்கமாகத் தள்ளினார். இரண்டு கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டன. பலகை அவர் மடிக்கு வந்தது. அதில் இருந்து ஒரு ஒயர் இன்னும் வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்புகிற பக்கம் காட்டுகிற விளக்குக்கு உள்ளது. நான் பலகையைத் தாங்கிக்கொண்டேன், அவர் ஒயரின் முடிச்சை நகத்தால் நெம்பிப் பிரித்தார்.

சட்டை இல்லாத வண்டி வேறு என்னமோ மாதிரி இருந்தது. உள்ளே ஒரே தூசி. ஒரு கம்பி இடுக்கில் களிமண்ணால் சின்னதாக ஒரு குளவிக்கூடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்லது நடக்கும் என்று கைவைக்க மாட்டோம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இம்புட்டு நாளும் இதுவும் நம்மகூட வந்திருக்கு," என்றார் அவர்.

பலகையை வாழைச் சருகில் சுற்றி, வெற்றிலைக் கட்டு கட்டுகிற நாரால் கட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டுபேரும் பஸ் ஏறினோம். பாதி வழியில் சருகு நழுவி நீலம் வெளியே தெரிந்தது. பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் கோவிலுக்குண்ணே? கருடன் இறக்கையா?"

அப்படித்தான் இருந்தது, வளைந்து, முனை கூர்மையாகி. நான் இல்லை என்று சொல்லத் திரும்புவதற்குள் அந்த அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவர் அதைத் தூக்கி மடியில் நேராக வைத்துக்கொண்டார். மதுரை போய்ச் சேரும் வரைக்கும் சன்னல் வழியாக வயலுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை இறக்கையோடு எவ்வளவு தூரம் போனாரோ தெரியாது. ஆரப்பாளையம் வந்ததும் நான்தான் இறக்கினேன்.

சந்துக்கடைக்காரர் விரிசலின் உள்பக்கம் சூட்டுக்கம்பியால் சின்னச் சின்னக் கம்பித் தையலாக அழுத்தி, மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றினார். உடைந்த முனையும் ஒட்டிக்கொண்டது. வெளிப்பக்கம் மட்டும் நரம்புபோல ஒரு வெள்ளைக் கோடு நின்றது. "அது போகாது," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து கோலத்தின் மேலிருந்து ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தேன். கழற்றினதற்குத் தலைகீழாக எல்லாம் ஏறியது. ஒயரை மாட்டிவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தார். மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது. அணைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் கூப்பிட்டான். சாப்பாடு, மழை எல்லாம் விசாரித்தபின் வண்டியைக் காட்டச் சொன்னான். இவர் போனைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகவே போய் நின்றார். நான் வாசற்படியில் இருந்தேன்.

"பளபளன்னு வச்சிருக்கீங்கப்பா. வேற யாருகிட்டயாவது விட்டிருந்தா இப்படி இருக்காது."

அந்த ஒரு சொல்தான். அடுத்த பக்கத்தைக் காட்டு என்று அவன் கேட்கவே இல்லை. இவராகத்தான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளைக் கோட்டுக்கு நேராகப் போனைப் பிடித்தார்.

"சாச்சுப்புட்டேன்ப்பா."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்லப்பா. உக்காந்திருந்தேன்."

"நிக்கிற வண்டியிலயா?"

"ஆமா."

"அடி பட்டுச்சா?"

"சிராய்ப்புதான். ஆறிருச்சு."

"போன அம்மாகிட்ட குடுங்க."

நான் வாங்கினேன். மகன் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அம்மா, நாளைக்கே சிநேகிதன வரச் சொல்லவா? அங்க நிக்கட்டும். அப்பா கால ஒடிச்சுக்கிட்டா நான் இங்க இருந்து என்ன பண்ணுவேன்?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. இவரைப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கட்டைவிரல் நகத்தில் இருந்த கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முப்பது வருசத்தில் தனக்கென்று இது வேண்டும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வேணாம்ப்பா," என்றேன். "இங்கனயே இருக்கட்டும். நான் பக்கத்துல நின்னுக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவன் யோசித்தான். "அப்ப சாவி உங்ககிட்டத்தான் இருக்கணும். துவைக்கிற கல்ல அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், இவர் சாமி அறை வாசலில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, கையை முன்னால் கட்டியபடி நிற்கிறார். சாவியைக் கொடுத்தேன். பின்னாலேயே போய் வண்டியின் வலது பக்கம் நின்றேன். வண்டி உறுமத் தொடங்கியது. அவர் கண்ணை மூடவில்லை. நான் நிற்பதால் கூச்சம்போல.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலேயே, "எம்புட்டு நேரம் நிப்ப? ஏறு," என்றார்.

நான் சேலையை இடுக்கிக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஸ்டாண்டில் கொஞ்சம் அழுந்தி நின்றது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அடியில் இருந்து ஒரு நடுக்கம் உடம்பெல்லாம் ஏறியது. எதிரே சுவரும் கொடியில் காயும் துணியும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் மங்கலாக ஆனது.

"எங்கிட்டுப் போகணும்?" என்று கேட்டார்.

"எங்கிட்டுனாலும் போங்க. அரிசி ஊறப்போட்டுருக்கேன், சீக்கிரமாத் திரும்பணும்," என்றேன்.