இரண்டாவது தபால்காரர்

டிவி தொடர் பாத்திரங்களாக வரும், துண்டு துண்டாகப் பொருத்தும் பிளாக் பொம்மைகளை நான் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். டப்பாவைப் பிரிக்கும்வரை உள்ளே யார் என்று தெரியாது. எனக்குத் தபால்காரர் இரண்டு முறை வந்துவிட்டார்.

சித்தூர்க்காரர் ஒருவரிடம், எனக்கு வராத எதிர்வீட்டு அம்மா பொம்மை இரண்டு. எட்டு மாதமாகத் தினமும் மெசேஜில் பேசினோம். பொம்மையில் ஆரம்பித்து, சாப்பிட்டாயிற்றா என்பது வரை.

மாற்றிக்கொள்ள இன்று திருப்பதி பஸ் ஸ்டாண்டில் முதல்முறையாகச் சந்தித்தோம். இரண்டு காபிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தேன்.

அவர் தபால்காரரின் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். கைகளைத் திருகிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"செட்டு முடிஞ்சிபோச்சிண்ணா. இனிமே ஒண்ணும் வாணாம்."

"ஒரு காபி குடிச்சிட்டுப் போலாமே?"

"பஸ்சு கெளம்பிக்கினு கீதுண்ணா. வரேன்."

இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

இப்போது அலமாரியில் பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். என் செட்டும் முடிந்துவிட்டது. தினமும் அவர் மெசேஜ் வரும் நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகிறது.

யாரிடமாவது ரெட்டை இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் இல்லாத பொம்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.