முட்டைக்குள் ஒரு வளையம்

மூத்தவள் எக்ஸ்ரே படம் எடுப்பவள். ஆஸ்பத்திரியில் அல்ல. எலக்ட்ரான்களைப் பெரிய வட்டக் குழாய்க்குள் தலைதெறிக்க ஓடவிட்டு, அவை வளையும் இடங்களில் வெளிப்படும் எக்ஸ்ரே ஒளியைப் பிடித்து வேலை வாங்கும் ஆய்வுக்கூடம் அது. சின்க்ரோட்ரான் என்பார்கள். ஒரு சுற்று நடந்தாலே கால் கடுக்கும் என்பதால் கட்டடத்துக்குள் சைக்கிளில் போவார்கள். வட்டத்தின் ஓரமாக ஈயச் சுவர் அறைகள். அதில் ஒன்று அவளுடைய பொறுப்பு.

வெளியிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எலும்பு, விதை, கான்கிரீட் துண்டு என்று எதையாவது பொத்திப் பொத்தி எடுத்து வருவார்கள். அதைச் சுழலும் மேடையில் நிறுத்தி, உடைக்காமலே உள்ளே இருப்பதைப் படமாக்கிக் கொடுப்பாள். அவர்கள் படத்தோடும் புகழோடும் கிளம்பிவிடுவார்கள். கட்டுரையின் கடைசியில் அவளுக்கு ஒரு நன்றி வரி கிடைக்கும், அதுவும் சில சமயம் எழுத்துப் பிழையோடு. அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொண்டதில்லை. அவளுடைய பொறாமைக்கு ஒரே ஒரு விலாசம்தான்: கூடப் பிறந்த தங்கை.

மூத்தவள் கண்விழித்துப் படித்து வாங்கிய மார்க்கை இளையவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வாங்கியவள். "சின்னவளுக்குக் கைராசி" என்பாள் அம்மா. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும். இளையவள் புதைபடிவங்களை ஆராயப் போனாள். போன இடத்திலும் கைராசி கூடவே போனது. எல்லாரும் வெறுங்கையோடு திரும்பிய ஒரு சரிவில் அவளுக்கு ஒரு முட்டை கிடைத்தது. கல்லாகிப்போன, ஏதோ பழங்கால ஊர்வன ஒன்றின் முட்டை.

அதைப் படம் எடுக்க விண்ணப்பித்து, அனுமதியும் வாங்கி, பஞ்சு வைத்த டப்பாவோடு அக்காவின் கூடத்துக்கே வந்து இறங்கினாள்.

முதல் நாளே தேநீர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், யாரிடமும் பல்லைக் காட்டாத பிரிவுத் தலைவர் இளையவளோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இவங்க உன் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே, சார்" என்றாள் மூத்தவள்.

முட்டையை மேடையில் ஏற்றி, அறையைப் பூட்டி, கதிரைத் திறந்தார்கள். முதலில் முழு முட்டை. பிறகு உள்ளே மண்டையோடு போலத் தெரிந்த பகுதியை நடுவில் கொண்டுவந்து, நெருக்கமாக இன்னொரு படம். கணினி அடுக்கடுக்காகக் கோத்துக் காட்டியது. திடீரென்று இளையவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"அக்கா! இதோ பாரு! கண்ணு எலும்புக்கா! பல்லிக்கெல்லாம் கண்ணச் சுத்தி வளையமா ஒரு எலும்பு இருக்கும்ல, அதேதான்! குஞ்சோட கண்ணு!"

சாம்பல் நிறப் படத்தின் நடுவில் மெல்லிய வட்டம் ஒன்று தெரிந்தது. மூத்தவளுக்கு உள்ளே குப்பென்று எரிந்து, அதே வேகத்தில் குளிர்ந்தது. வளையங்களைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர ஆளில்லை. கேமரா முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் போதும், சுழன்று எடுத்த படத்தின் நடுவில் பொய் வட்டம் விழும். அந்தப் பொய் வட்டங்களை நீக்குவதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சியே. கூடத்தில் அவளுக்கு 'வளையக்காரி' என்றே பட்டப்பெயர்.

"இது கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. மெஷின் போட்ட வட்டம். ஒரு நிமிஷத்துல அழிச்சுத் தரேன்."

"நல்லாத் தெரியுமாக்கா?"

"என் வேலைய எனக்கே சொல்லித் தரியா?"

இளையவளின் முகம் சுருங்கியது. "அழிக்காத. இன்னிக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள். அந்த முகத்தை நினைத்து நினைத்து, வீடு வரை ஒரு இனிப்பை வாயில் அடக்கி வைத்திருப்பதுபோலவே வந்தாள் மூத்தவள்.

அவள் கணவர் பல் டாக்டர். 'நானும் எக்ஸ்ரே ஆளுதான், என்ன, என்னோடது கடவாய்ப்பல்லோட நின்னுடும்' என்பது அவருடைய வழக்கமான ஜோக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்று ஜோக் அடிக்கவில்லை.

"அது மெஷின் வட்டமேதானா? இல்ல, அப்படி இருக்கணும்னு நீ ஆசப்படறியா?"

"ஏன், நீங்களும் அவ கட்சியா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

ஆனால் கேள்வி கூடவே வந்தது. சோதிக்க வழியும் அவளுக்குத் தெரியும். முட்டையைச் சற்றே பக்கவாட்டில் தள்ளி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். மெஷின் வட்டமென்றால் படத்தின் நடுவிலேயே நிற்கும். எலும்பென்றால் முட்டையோடு சேர்ந்து நகரும். பகலில் தங்கையிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது செய்யத் துணிந்ததும் நியாயத்துக்காக அல்ல. தங்கை இனி வாயே திறக்க முடியாதபடி நிரூபித்துவிட வேண்டும் என்றுதான்.

காலையில் இளையவள் வருவதற்கு முன்பே போய், முட்டையை நகர்த்தி வைத்துக் கதிரைத் திறந்தாள். படம் கோத்து வந்தது.

வட்டம் நடுவில் இல்லை. முட்டையோடு நகர்ந்து ஓரத்துக்குப் போயிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னச் சின்ன எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று. வெளிச்சத்தையே பார்க்காத ஒரு கண்.

இது கண் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் இந்த நொடியில் தான்தான் என்று தோன்றியது. உடம்பு சிலிர்த்தது. கூடவே, இதுவும் தங்கையுடையதுதானே என்று கசந்தது. இப்போதுகூடப் பழைய படத்தில் அந்த வட்டத்தை அழித்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வெகு நேரம் சுட்டியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"கெளம்பி வா. கண்ணுதான்."

இளையவள் ஓடி வந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூத்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கட்டுரை வெளியானது. சந்தேகப்பட்டவர்கள் எல்லாருக்கும் அந்த நகர்த்தி எடுத்த படமே பதிலாக இருந்தது. இளையவள் டிவியில் பேசினாள். அம்மா உடனே போன் செய்தாள்.

"தங்கச்சி வந்தாளே, பாத்தியா?"

"அவ காட்டின படம் நான் எடுத்ததும்மா."

"அப்படியா? நல்லாத்தான் எடுத்திருக்க. அவ இளைச்சுட்டா பாரு, சரியா சாப்பிடறாளோ என்னமோ."

மூத்தவள் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எரிச்சலும் போகவில்லை.

அடுத்த ஆண்டு அதே சரிவில் இன்னும் சில முட்டைகள் கிடைத்தன. மூத்தவள் இந்தத் தடவை படம் எடுக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"இந்தக் கட்டுரைல என் பேர் முதல்ல வரணும்."

"சரிக்கா" என்றாள் இளையவள். யோசிக்கக்கூட இல்லை. "போன தடவையே போட்டிருக்கணும். நீ கேப்பேன்னு பாத்தேன்."

பெரிய சண்டைக்கு மனசைத் தயார்படுத்தி வந்திருந்தாள் மூத்தவள். விட்டுக்கொடுப்பதுகூட இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்தாள். அதைப் பார்த்தும் பொறாமையாகத்தான் இருந்தது.