அடுத்த நிகழ்வுக்குத் தள்ளுபடி

எங்கள் கடைக்கு விளம்பரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சந்தில் அடுப்பும் நாலு மேசையும் போட்டு, நானும் என் வீட்டுக்காரரும் சைவச் சாப்பாடு போடுகிறோம். மதியம் வருகிறவர்கள் கடையில் சாப்பிடுவார்கள். வளைகாப்பு, புதுவீடு, பதினாறாம் நாள் காரியம் என்று வீடுகளுக்கும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு வீட்டில் சாப்பிட்டவர் இன்னொரு வீட்டில் சொல்லுவார், அங்கிருந்து அடுத்த ஆர்டர் வரும். அந்த வாய்கள் எங்களைப் பற்றி நல்லதாகப் பேசும்வரைதான் எங்கள் அடுப்பு எரியும்.

இது போதாது என்று என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று தோன்றியது. சிறுவியாபாரிகளுக்குச் சமூக ஊடகம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை என்னையும் கிளமெண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். பாடம் நடத்தியது என் மகள் வயதில் ஒரு பெண். படபடவென்று பேசினாள். வீடியோ போட்டால் முதல் மூன்று விநாடியிலேயே பார்ப்பவரைப் பிடித்துவிட வேண்டுமாம். முகத்தைக் காட்ட வேண்டுமாம். சிரிக்க வேண்டுமாம்.

"ஆர்டர் முடிஞ்சதும் கஸ்டமர மறந்துடாதீங்க" என்றாள். "நெக்ஸ்ட் டே ஒரு தேங்க்யூ மெசேஜ் போகணும். அடுத்த தடவைக்கு ஒரு ஆஃபர் குடுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்லா, எல்லாம் ஆட்டோமேட்டிக்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே இது எங்கேயோ போய் முட்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் வீடியோ எடுத்தோம். சாம்பார் கொதிக்கும்போது சிரிக்கச் சொன்னார். ஆவியில் கைப்பேசிக் கேமரா மங்கி, எங்கோ தீப்பிடித்த இடத்தில் ஒரு பெண்மணி பல்லைக் காட்டுவதுபோல் வந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் என் அண்ணன் குடும்பம். மீதிப் பேர் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டவர்கள்.

அப்புறம் அந்த நன்றிச் செய்தி. அதை எழுத என் வீட்டுக்காரர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவர், அந்தக் கோப்பை இன்னும் வீட்டு அலமாரியில் நிற்கிறது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். வளைகாப்பு வீட்டுக்கு அருமையாக இருக்கும் என்று நினைத்து, உளுந்தை அரைத்துக்கொண்டே நானும் தலையாட்டி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆங் மோ கியோ வட்டாரத்து அங்கிள் தவறிப்போனார். வாரம் தவறாமல் எங்கள் கடைக்கு வந்து மோர்க்குழம்பு சாப்பிடுகிற மனிதர். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு, "ரெகுலர் கஸ்டமருக்கு ஒரு டிஸ்கவுண்ட் இல்லையாம்மா?" என்பார். "உங்களுக்கு ரெண்டாவது அப்பளம் குடுக்கிறதே டிஸ்கவுண்ட்தான் அங்கிள்" என்பேன். பல வருஷமாக அவர் கேட்டதும் இதுதான், நான் சொன்னதும் இதுதான். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அவர் மனைவி என்னைத்தான் கூப்பிட்டார். அந்த ஆன்ட்டி பஜனைக் குழுவில் முன்வரிசை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் தீவு முழுக்கப் போய்ச் சேரும்.

காரிய வீட்டில் நான் முறைகளில் மிகவும் கறாராக இருப்பேன். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நம்மவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லமாட்டார்கள். அங்கே மறுபடி வர வேண்டுமென்றால் இன்னொரு சாவு விழ வேண்டுமே. அதனால் அன்றைக்கும் பரிமாறி, பாத்திரங்களைக் கட்டி, ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல், பூனை மாதிரி வெளியே வந்தேன். அங்கிளின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டதோடு சரி.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கைப்பேசியும் கையுமாக அடுப்படிக்கு வந்தார்.

"மெசேஜ் சூப்பரா வேலை செய்யுது பாரு. நேத்து ஆர்டருக்கு அதுவாவே போயிருச்சு."

"நேத்து ஆர்டர் எதுங்க?" என்றேன்.

கரண்டியைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்கினேன். திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்க, குண்டான் படம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே அவருடைய செந்தமிழ்:

"வணக்கம்! தங்கள் இல்லத்துச் சிறப்பு நிகழ்வில் பங்குபெற வாய்ப்பளித்தமைக்கு நன்றி! இதுபோன்ற நிகழ்வுகள் தங்கள் இல்லத்தில் மேன்மேலும் தொடர வாழ்த்துகிறோம்! அடுத்த நிகழ்வுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி! விரைவில் மீண்டும் சந்திப்போம்!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் வந்ததை எல்லாம் அந்த இழவெடுத்த குண்டான் ஆடிக்கொண்டே சொல்லியிருந்தது.

"அழிச்சுடட்டுமா?" என்றார்.

"படிச்சாச்சு, நீலக்குறி விழுந்திருக்கு. இனி கடையைத்தான் அழிக்கணும்."

ஆங் மோ கியோவுக்குக் கிளம்பினோம். வேனை நிறுத்த இடம் தேட வேண்டும் என்று அவர் கீழேயே தங்கிவிட்டார். கார்நிறுத்தத்தில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. மின்தூக்கியில் நான் மட்டும் மேலே போனேன். இந்த வீட்டின் நல்ல சொல் போனால் எங்கள் வியாபாரமே போய்விடும். அதைவிட, அங்கிளின் வீட்டில் என் முகத்தை எப்படிக் காட்டுவது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

கதவைத் திறந்தது ஆன்ட்டிதான். நான் வாசலிலேயே ஆரம்பித்தேன். "ஆன்ட்டி, மன்னிச்சிருங்க, அந்த மெசேஜ் மெஷின் அனுப்புனது, எங்க வீட்டுக்காரருதான் எழுதி வச்சாரு, ஆனா நானும்தான் தலையாட்டுனேன்..."

"உள்ள வா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோபாவில் உட்காரவைத்து, தன் கைப்பேசியை எடுத்து அந்தக் குண்டானை எனக்கே காட்டினார்.

"எத்தன வருஷமா அவரு உங்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்டாரு? உயிரோட இருந்தப்ப ஒரு வெள்ளி காசு கொறச்சியா நீ? செத்ததும் பத்து பர்சென்ட்!"

ஆன்ட்டியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இத அவரு படம் முன்னாடி படிச்சுக் காட்டிட்டேன்" என்றார். "பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அடுத்தது நாந்தான், அந்த ஆஃபர விட்றாதீங்கன்னு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு உடைந்து அழுகையாகிவிட்டது. நானும் சேர்ந்து அழுதேன். எதற்குச் சிரிக்கிறோம், எதற்கு அழுகிறோம் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

தேநீர் குடித்துவிட்டு எழுந்தேன். பழக்கதோஷம், வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினேன்.

"ஏம்மா, பதினாறு முடிஞ்சிருச்சு" என்றார் ஆன்ட்டி. "வரேன்னு சொல்லிட்டுப் போ. இந்த வீட்ல இனி யாரு எங்கிட்ட அதச் சொல்லப்போறா?"

"வரேன் ஆன்ட்டி" என்றேன்.

"வா. வரும்போது மோர்க்குழம்பு கொண்டா. முழு விலைக்கு."