விரத வீட்டில் சோம்புத் தண்டு

டோபி காட் ரயில் நிலையப் பக்கமிருந்து தேக்காவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் விட்டு வந்தது ஒரு மேல்நாட்டு உணவகத்தின் சமையலறை. எண்ணெய் தெறித்து வெந்த இடக்கைக்கு ஒரு நாள் லீவு கேட்டேன், இல்லை என்றார்கள், ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆண்டில் அது மூன்றாவது வேலை. மனசு லேசாகத்தான் இருந்தது.

வேலை போனது பெரிதல்ல, படுக்க இடம் போகக் கூடாது. இப்போதைய இடம் கிடைக்கும்வரை பதினைந்து நாள் ஒரு அடுக்குமாடி பிளாக்கின் கீழே கல் பெஞ்சில் படுத்திருந்தவன் நான். சாரல் அடித்தால்தான் தொல்லை. பேருந்து ஓட்டும் நண்பன் ஒருவன் புக்கிட் மேராவில் தனியாக இருந்தான். அவன்தான் கூட்டிப் போய் ஹாலில் மெத்தை போட்டுக் கொடுத்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அவன் விரதம் இருந்ததால் ஒரே ஒரு நிபந்தனை: "கறி, மீன், முட்டை எது உள்ள வந்தாலும் நீ வெளிய போயிடணும்."

வேலையை விட்டதைச் சொல்வதற்கு முன் அவன் வயிற்றை நிரப்பிவிடலாம் என்று தேக்கா சந்தைக்குள் நுழைந்தேன். காய்க்கடை மூலையில் சோம்புச் செடியின் தண்டுகள் கிடந்தன. அடி வெங்காயம்போல் உருண்டு வெள்ளையாக இருக்கும், தலையில் நூல் நூலாகப் பச்சை இலை. உணவகத்தில் மூன்று மாதம் தினமும் அதைத்தான் வெட்டினேன்.

"இத என்ன பண்ணப் போறீங்க? வெள்ளைக்காரங்க சாப்புடுறது லா," என்றார் கடைக்கார அக்கா.

"விரதக்காரன் சாப்புடப் போறான்க்கா."

"இலை வாடிருச்சு. பாத்துப் போட்டுத் தரேன், மூணையும் எடுத்துக்குங்க."

வீட்டில் கண்ணாடிபோல் மெல்லிசாகச் சீவினேன். பச்சையாகக் கடித்தால் மொறுமொறுப்பு, குளிர்ச்சி. எண்ணெயில் வதங்கியதும் வெறும் இனிப்பாகிவிட்டது. பட்டை, மிளகு, ஒரு கரண்டி சோம்பு எல்லாம் வறுத்துப் பொடித்துத் தூவி, தேங்காய்ப்பால் ஊற்றினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

நண்பன் வாசலிலேயே நின்றுவிட்டான். "லிஃப்ட்லேர்ந்தே வாசம் வருது. ஆட்டுக்கறி வச்சியா?"

"காய்டா."

"எந்தக் காய்ல கறிக்கொழம்பு வாசம் வரும்?"

வெட்டிப் போட்ட இலைக்கொத்தைக் காட்டினேன். நம்பவில்லை. சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினான். வெந்த தண்டு கொழுப்புத் துண்டுபோலவே பளபளத்தது. நான் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அவன் நியாயஸ்தன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே குடியிருந்த பாயை அழைத்து வந்தான்; கீழே காப்பிக்கடைக்குள் பிரியாணிக் கடை வைத்திருப்பவர்.

"நீங்களே சொல்லுங்க பாய். இது கறியா, இல்லையா?"

அவர் மோந்து பார்த்தார், ஒரு துண்டை வாயில் போட்டார். "ஆடு இருந்தா நீ கூப்புடுற வரைக்கும் காத்திருப்பேனா தம்பி? மசாலா நம்ம மசாலா. ஆடு மட்டும் இல்ல."

நண்பன் நம்பினான், ஆனால் சாப்பிடவில்லை. "மூக்கு ஒத்துக்கலடா," என்று தயிர்ச்சோறு பிசைந்துகொண்டான். பாய் தட்டு வாங்கி இரண்டு முறை சாப்பிட்டார்.

"இவ்வளவு மெல்லிசா யாரு வெட்டுனது? நீயா? எங்க வேலை?"

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு பாய்."

நண்பன் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"காலையில ஆறு மணிக்கு வா. வெங்காயம் வெட்டணும்," என்றார் பாய்.

"போ, ஆனா கறி வாசத்தோட உள்ள வராத. சட்டைய கீழயே மாத்திக்க," என்றான் நண்பன்.

மறுநாள் ஆறு மணிக்குப் பிரியாணிக் கடையின் பின்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் சீவிக்கொண்டிருந்தேன். மாற்றுச் சட்டை காலடியில் ஒரு பைக்குள் இருந்தது.